இழுத்தால் எது என்ன செய்யும்? எஃகு முதல் ரப்பர் வரை ஓர் ஒப்பீடு

கல்லூரி ஆய்வகத்தில் இழுவிசைச் சோதனை எந்திரத்தின் முன் நின்ற முதல் நாள் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. முதலில் ஒரு மைல்டு ஸ்டீல் (சாதா எஃகு) கம்பியை மாட்டினார்கள். விசையைக் காட்டும் முள் சீராக ஏறிக்கொண்டே போனது. ஓரிடத்தில் நின்றது, சற்றுக் கீழே இறங்கியது, அங்கேயே தடுமாறியது. கம்பியின் மேல் படிந்திருந்த கருஞ்செதில் பொலபொலவென்று உதிர்ந்தது. அப்புறம் முள் மறுபடியும் ஏறத் தொடங்கியது. கம்பி நீண்டுகொண்டே போய், நடுவில் கழுத்து விழுந்து, மெலிந்து, கடைசியில் பெரும் சத்தத்துடன் அறுந்தது. அறுந்த முனையைத் தொட்டபோது சூடு தெரிந்தது.

அடுத்து அதே அளவில் ஒரு வார்ப்பிரும்புக் கம்பி. முள் ஏறியது. டப். அவ்வளவுதான். கீழே விழுந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்தேன். உடைந்த இடமே தெரியாத அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தின.

பொருள்களை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் கேட்பது 'எது அதிகம் தாங்கும்?' என்றுதான். நான் அன்றிலிருந்து வேறொரு கேள்வியை அதற்கு முன்னால் வைக்கிறேன்: தாங்க முடியாத கட்டம் வந்தால் இந்தப் பொருள் என்ன செய்யும்? வளைந்து, நீண்டு, முனகி நமக்குச் சொல்லுமா, இல்லை சொல்லாமலே போய்விடுமா? இந்த ஒப்பீடு முழுக்க அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

முதலில் இரண்டு சொற்களைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். ஒரு கம்பியை இழுக்கும் விசையை அதன் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் வருவது தகைவு. நீண்ட அளவை முதலில் இருந்த நீளத்தால் வகுத்தால் வருவது திரிபு. இப்படி வகுப்பதற்குக் காரணம் இருக்கிறது. தடித்த கம்பி அதிகம் தாங்கும், நீண்ட கம்பி அதிகம் நீளும். அது கம்பியின் அளவைப் பற்றிய செய்தி. வகுத்துவிட்டால் அளவு கழன்றுபோய், பொருளின் குணம் மட்டும் மிஞ்சும். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் என்றால் 1 மெகாபாஸ்கல். ஆயிரம் மெகாபாஸ்கல் ஒரு ஜிகாபாஸ்கல். ஒரு மீட்டர் கம்பி ஒரு மில்லிமீட்டர் நீண்டால் திரிபு 0.1%.

தகைவும் திரிபும் ஒன்றுக்கொன்று நேர்விகிதத்தில் போகும் என்பதை ராபர்ட் ஹூக் 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு ஒரு புதிராக வெளியிட்டார்; 1678-இல் விடையையும் சொன்னார். அந்த நேர்கோட்டின் சாய்வுதான் யங் குணகம். பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதை அது சொல்லும். எவ்வளவு வலிமையானது என்பதைச் சொல்லாது. உடைவதற்குமுன் எவ்வளவு ஆற்றலை விழுங்கும் என்பதையும் சொல்லாது. விறைப்பு, வலிமை, ஆற்றலை விழுங்கும் திறன் ஆகிய மூன்றும் மூன்று தனித்தனிக் குணங்கள். பேச்சுவழக்கில் மூன்றையும் 'ஸ்ட்ராங்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். தவறான தேர்வுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன என்று நினைக்கிறேன்.

கீழே உள்ளவை தோராயமான எண்கள். கலவை, பதம், தயாரிப்பு முறையைப் பொறுத்து மாறும். வலிமை என்பது இழுவிசையில்.

| பொருள் | யங் குணகம் (ஜிகாபாஸ்கல்) | யீல்ட் (மெகாபாஸ்கல்) | உச்ச வலிமை (மெகாபாஸ்கல்) | அறும்போது நீட்சி (%) | அடர்த்தி (கிராம்/க.செ.மீ.) |
|---|---|---|---|---|---|
| மைல்டு ஸ்டீல் | 200 | 250 | 400–450 | 20–25 | 7.85 |
| சாம்பல் வார்ப்பிரும்பு | 100-ஐ ஒட்டி | இல்லை | 200–250 | 1-க்கும் கீழ் | 7.2 |
| 6061 அலுமினியக் கலவை, டி6 பதம் | 69 | 275 | 310 | 12-ஐ ஒட்டி | 2.7 |
| சன்னல் கண்ணாடி | 70 | இல்லை | சில பத்துகள் | கிட்டத்தட்ட 0 | 2.5 |
| கான்கிரீட் | 25–30 | இல்லை | 2–3 | 0.01-ஐ ஒட்டி | 2.4 |
| கார்பன் இழைக் கலப்பு, இழையின் திசையில் | 135 | இல்லை | 1500–2000 | 1–1.5 | 1.6 |
| ரப்பர் | 0.001–0.01 | இல்லை | 15–25 | 500-க்கும் மேல் | 0.95 |

இந்த அட்டவணையில் 'யீல்ட்' என்ற பத்தியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பொருள் இளகி நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு அது. ஏழில் ஐந்துக்கு அங்கே 'இல்லை' என்றிருக்கிறது.

மைல்டு ஸ்டீலும் வார்ப்பிரும்பும்

இரண்டும் இரும்பு, இரண்டிலும் கரி இருக்கிறது. ஆனால் மைல்டு ஸ்டீலில் கரி கால் சதவீதத்துக்கும் குறைவு. வார்ப்பிரும்பில் மூன்று சதவீதத்தைத் தாண்டும்.

ஆய்வகத்தில் முள் நின்று தடுமாறியதே, அந்த இடம்தான் யீல்ட் புள்ளி. உலோகத்தின் படிக அமைப்பில் இடப்பிறழ்வுகள் என்ற வரிசைக் குறைகள் உண்டு. அவை நகர்வதால்தான் உலோகம் நிரந்தரமாக உருமாறுகிறது. மைல்டு ஸ்டீலில் கரி, நைட்ரஜன் அணுக்கள் இந்தக் குறைகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு அவற்றைக் கட்டிப்போட்டு வைக்கின்றன. கட்டிலிருந்து பிய்த்துக்கொள்ள அதிகத் தகைவு வேண்டும். பிய்த்துக்கொண்டபின் ஓடுவதற்குக் குறைவாகவே போதும். முள் ஏறி இறங்கியதன் காரணம் இதுதான். அதற்குமேல் இடப்பிறழ்வுகள் பெருகி ஒன்றையொன்று மறிக்க, உலோகம் இழுக்க இழுக்கக் கெட்டிப்படுகிறது. முள் மறுபடி ஏறியது அதனால்.

கடைசியில் வரைபடம் கீழே இறங்குவதைப் பார்த்துப் பலரும் பொருள் பலவீனமாகிவிட்டது என்று எண்ணுவார்கள். அப்படியில்லை. நாம் விசையை ஆரம்பத்தில் இருந்த பரப்பாலேயே வகுத்துக்கொண்டிருக்கிறோம். கழுத்து விழுந்த இடத்திலோ பரப்பு சுருங்கிக்கொண்டே போகிறது. அந்தந்த நேரத்துப் பரப்பால் வகுத்துப் பார்த்தால் தகைவு அறும்வரை ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

வரைபடத்துக்கு அடியில் உள்ள பரப்பே பொருள் விழுங்கும் ஆற்றல். ஒரு கன சென்டிமீட்டர் மைல்டு ஸ்டீல் அறுவதற்குமுன் ஏறக்குறைய 80 ஜூல் விழுங்கும். வார்ப்பிரும்புக்கு ஒரு ஜூலே அதிகம். உச்ச வலிமையில் இரண்டுக்கும் வேறுபாடு இரண்டு மடங்குதான். ஆற்றலில் நூறு மடங்கை ஒட்டி வருகிறது. மோதல், நிலநடுக்கம், எதிர்பாராத குலுக்கல் எல்லாம் ஆற்றலாகத்தான் வந்து சேர்கின்றன.

வார்ப்பிரும்பு ஏன் இப்படி? அதில் உள்ள கரி, மெல்லிய கிராஃபைட் தகடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. இழுக்கும்போது ஒவ்வொரு தகடும் ஏற்கெனவே வெட்டிவைத்த விரிசல் போல வேலை செய்யும். ஆனால் அமுக்கும்போது அதே விரிசல்கள் மூடிக்கொள்கின்றன. அதனால் இழுவிசையில் தாங்குவதைப்போல் மூன்று, நான்கு மடங்கை அமுக்கவிசையில் வார்ப்பிரும்பு தாங்கும். செவர்ன் ஆற்றின்மேல் 1779-இல் எழுப்பிய இரும்புப் பாலம் வார்ப்பிரும்பால் ஆனதே. அது வளைவுப் பாலம்; உறுப்புகள் பெரும்பாலும் அமுக்கத்தில் இருக்கின்றன; இன்றும் நிற்கிறது. 1847 மே மாதத்தில் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் டீ ஆற்றுப் பாலத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் ரயில் போகும்போதே முறிந்து ஐந்து பேர் இறந்தார்கள். உத்தரம் வளையும்போது அதன் கீழ்விளிம்பு இழுவிசைக்கு உள்ளாகும். பொருளின் குணம் இரண்டு பாலத்திலும் ஒன்றே. ஒன்றில் அமுக்கினார்கள், இன்னொன்றில் இழுத்தார்கள்.

கையாலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஒரு சாக்பீஸை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து முறுக்குங்கள். 45 பாகைச் சாய்வில் திருகாணி மரை போல உடையும். முறுக்கும்போது அச்சுக்குக் குறுக்கே சறுக்குத் தகைவும், 45 பாகையில் இழுவிசைத் தகைவும் உண்டாகின்றன. சாக்பீஸ் இழுவிசையைத்தான் தாங்காது. வார்ப்பிரும்பும் இப்படியே உடையும். மைல்டு ஸ்டீலோ பல சுற்று முறுக்கியபிறகு, ரம்பத்தால் அறுத்ததுபோல் தட்டையாக அறும். அது சறுக்கலுக்குத்தான் முதலில் விட்டுக்கொடுக்கிறது. உடைந்த முகத்தைப் பார்த்தே பொருளின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பது எனக்கு எப்போதும் வியப்பான விஷயம்.

வார்ப்பிரும்பை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. அதிர்வை விழுங்குவதில் அதற்கு ஈடு குறைவு. லேத் எந்திரத்தின் படுக்கைக்கு அதுதான் சரி. அப்புறம் 1940-களில் சிறிதளவு மக்னீசியம் சேர்த்தால் கிராஃபைட் தகடாகாமல் உருண்டை உருண்டையாகத் திரளும் என்று கண்டுபிடித்தார்கள். கரியின் அளவு கிட்டத்தட்ட அதேதான், வடிவம்தான் மாறியது. நீட்சி ஒரு சதவீதத்துக்குக் கீழிருந்து பத்து சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது. கூர்முனை இல்லாமல் போனதற்குக் கிடைத்த பலன் அது.

சாதா எஃகும் உயர்வலிமை எஃகும்

இந்தப் பகுதி சின்னதுதான், ஆனால் இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 250 மெகாபாஸ்கல் யீல்ட் உள்ள எஃகுக்குப் பதில் 700 உள்ள எஃகைப் போட்டால் உத்தரம் குறைவாகத் தொய்யுமா? தொய்வு துளிகூட மாறாது. இரண்டுக்கும் யங் குணகம் 200-ஐ ஒட்டியதே. விறைப்பு, அணுக்களுக்கு இடையிலான பிணைப்பிலிருந்து வருவது. கலப்பதாலும் பதப்படுத்துவதாலும் அது பெரிதாக அசையாது. வலிமையோ இடப்பிறழ்வுகளை எப்படி மறிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதைப் பல மடங்கு ஏற்றலாம்.

மெலிந்த, நீண்ட தூணுக்கும் இதே கதை. பக்கவாட்டில் நெளிந்து விழும் எல்லையை 18-ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் கணக்கிட்டுத் தந்தார். அந்தச் சூத்திரத்தில் யங் குணகம் இருக்கிறது, நீளம் இருக்கிறது, குறுக்குவெட்டின் வடிவம் இருக்கிறது. யீல்ட் தகைவு இல்லவே இல்லை. தொய்வோ நெளிவோ பிரச்சினை என்றால் செய்ய வேண்டியது வடிவத்தை மாற்றுவது. உத்தரத்தின் ஆழத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மைல்டு ஸ்டீலில் யீல்டுக்கும் உச்சத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. 250-இல் இளகத் தொடங்கி 400-க்கு மேல்தான் அறும். மிக உயர்வலிமை எஃகுகளில் இந்த இடைவெளி சுருங்கிவிடும், நீட்சியும் குறையும். இளகியதும் முடிவு அருகில் வந்துவிடுகிறது. எடையைக் குறைத்தே ஆகவேண்டிய இடங்களில் அவை தேவைதான். அப்படி இல்லாத இடத்தில் வெறும் எண்ணைப் பார்த்து உயர்வலிமைக்குத் தாவுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அலுமினியமும் எஃகும்

'அலுமினியம் லேசு, அதனால் அதே எடைக்கு விறைப்பு அதிகம்' என்பார்கள். யங் குணகத்தை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். எஃகு: 200-ஐ 7.85-ஆல் வகுத்தால் 25.5. அலுமினியம்: 69-ஐ 2.7-ஆல் வகுத்தால் 25.6. டைட்டானியக் கலவை: 114-ஐ 4.43-ஆல் வகுத்தால் 25.7. மக்னீசியம்: 45-ஐ 1.74-ஆல் வகுத்தால் 25.9. நான்கு உலோகங்கள், நான்கு வெவ்வேறு அடர்த்தி, விடை மட்டும் ஏறத்தாழ ஒன்று. இதை முதன்முறை கணக்குப் போட்டுப் பார்த்தபோது எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பவும் போட்டேன்.

அப்படியானால் விமானத்தை ஏன் அலுமினியத்தில் செய்தார்கள்? நேராக இழுக்கும் கம்பிக்குத்தான் மேலே சொன்ன வகுத்தல் பொருந்தும். தகடு வளையும்போது கணக்கு வேறு. அங்கே விறைப்பு தடிமனின் மும்மடிக்கேற்ப ஏறும். எஃகுத் தகட்டின் வளைவு விறைப்பை அலுமினியத்தில் கொண்டுவரத் தடிமனை 1.43 மடங்காக்கினால் போதும். எடை பாதியாகிவிடும். அடர்த்தி குறைவு என்பதால் தடிமனாக்க இடம் கிடைக்கிறது, தடிமன் விறைப்பைத் தருகிறது. அலுமினியத்தின் முழுப் பலமும் இந்த ஒரு சங்கிலியில் இருக்கிறது.

வரைபடத்தின் உருவத்திலும் வேறுபாடு உண்டு. அலுமினியத்தில் முள் நின்று தடுமாறுவதில்லை. நேர்கோடு மெல்ல வளைந்து போகும், எந்த இடத்தில் இளகியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அதனால் 0.2% நிரந்தரத் திரிபு மிஞ்சும் தகைவையே யீல்ட் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அட்டவணையில் உள்ள 275 அப்படி வந்த எண். பற்றவைத்தால் நிலைமை மாறும். டி6 என்பது சூட்டில் வைத்துப் பதப்படுத்திப் பெற்ற வலிமை. பற்றவைக்கும் சூடு அந்தப் பதத்தைக் கலைத்துவிடும். பற்றுக்கு அருகில் வலிமை பாதியை ஒட்டிக் குறையும். அதை மறந்து கணக்குப் போட்ட சட்டம் ஒன்று பற்றின் ஓரத்திலேயே கிழிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

என்னைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் பிரிக்கும் பெரிய கோடு களைப்புதான். ஒருமுறை இழுத்தால் தாங்கும் தகைவையே, அதில் பாதியையே கூட, லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினால் உலோகத்தில் விரிசல் பிறந்து வளரும். ரயில் அச்சுகள் ஏன் திடீரென்று முறிகின்றன என்று ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மன் பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் முறையாகச் சோதித்தார். எஃகுக்கு ஒரு கீழெல்லை இருப்பது தெரிந்தது. துரு இல்லாத சூழலில், உச்ச வலிமையின் பாதியளவுக்குக் கீழே தகைவை வைத்திருந்தால் கோடிக்கணக்கான சுழற்சிகளுக்கும் பெரும்பாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. தகைவு எவ்வளவு குறைந்தாலும் ஆயுள் நீளுமே தவிர முடிவில்லாமல் போகாது.

காமெட் பயணிகள் ஜெட் விமானங்கள் இரண்டு 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடுவானில் சிதறின. ஒரு விமான உடலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். சன்னலின் மூலையருகே விரிசல் தொடங்கி உடலே கிழிந்தது. ஒவ்வொரு பறப்பும் ஒரு சுழற்சி. மூலையில் தகைவு குவிகிறது. அலுமினியம் ஒவ்வொன்றையும் கணக்கில் வைத்துக்கொள்கிறது. இழுவிசைச் சோதனை எந்திரம் ஒரே ஒரு இழுப்பைத்தான் காட்டும். இந்தக் கணக்கு அதில் தெரியாது.

குளிர் என்று வந்தால் நிலைமை தலைகீழ். 1943 ஜனவரியில் ஸ்கெனெக்டடி என்ற புதிய எண்ணெய்க் கப்பல், அமைதியான தண்ணீரில், துறைமுகத்தில் நின்ற நிலையிலேயே கிட்டத்தட்ட இரண்டாக உடைந்தது. அறை வெப்பத்தில் நீண்டு நெளியும் எஃகு, குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் கண்ணாடி போல நொறுங்கும். பற்றவைப்பில் ஒரு குறை, எஃகில் ஒரு குறை, கூடவே குளிர். ஒரு துண்டாகப் பற்றவைத்த கப்பலில் விரிசலை நிறுத்த ஒரு இணைப்பும் இல்லை. அலுமினியத்தின் படிக அமைப்பு வேறு. குளிர்ந்தாலும் அது நொறுங்கும் நிலைக்கு மாறாது, வலிமைகூடச் சற்று ஏறும். திரவ வாயுக்களைச் சேமிக்கும் மிகக் குளிர்ந்த கலன்களுக்குச் சாதா எஃகை நினைக்கவே கூடாது. நெருப்பு என்றால் எஃகுதான் மேல். அது 550, 600 டிகிரி வாக்கில் வலிமையில் பாதியை இழக்கும். அலுமினியக் கலவைகள் 200 டிகிரியைத் தாண்டினாலே வேகமாக இளகும், 660-ஐ எட்டுமுன்பே உருகியே போகும்.

கண்ணாடி, ஒரு குறிப்பு

அட்டவணையில் கண்ணாடியின் யங் குணகமும் அலுமினியத்தின் யங் குணகமும் கிட்டத்தட்ட ஒன்றே. விறைப்பில் இரட்டையர். ஆனால் அலுமினியத் தகட்டில் கீறல் போட்டு வளைத்தால் வளையும். கண்ணாடியில் கீறல் போட்டுத்தான் கண்ணாடியையே வெட்டுகிறார்கள். பொறியாளர் கிரிஃபித் 1921-இல் காட்டியது இது: புதிதாக இழுத்த மிக மெல்லிய கண்ணாடி இழை, தடித்த கண்ணாடிக் கோலைவிட 20 மடங்கு வலிமையானது. கண்ணாடியின் பிணைப்பில் குறையில்லை. மேற்பரப்பில் உள்ள கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள்தான் அதைக் கொல்கின்றன. விரிசலின் நுனியில் தகைவு பல மடங்கு குவியும். உலோகமானால் அந்த நுனி இளகி மழுங்கிவிடும். கண்ணாடிக்கு இளகத் தெரியாது. டெம்பர்டு கண்ணாடியில் மேற்பரப்பை முன்கூட்டியே அமுக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். விரிசல் திறக்க வேண்டுமானால் முதலில் அந்த அமுக்கத்தை வெல்ல வேண்டும்.

கான்கிரீட்: போட்டியாளரா, கூட்டாளியா

கான்கிரீட்டையும் எஃகையும் எதிரெதிரே நிறுத்துவதில் அர்த்தமில்லை. அமுக்கத்தில் 25, 30 மெகாபாஸ்கல் தாங்கும் கான்கிரீட் இழுவிசையில் அதில் பத்திலொரு பங்கைத்தான் தாங்கும். எனவே இழுபடும் பக்கத்தில் கம்பியைப் பதிக்கிறோம். வெப்பத்தில் இரண்டும் விரியும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருப்பது பெரிய அதிர்ஷ்டம். இல்லையென்றால் வெயிலும் குளிரும் மாறி மாறி இரண்டையும் பிரித்திருக்கும்.

எனக்குப் பிடித்த விஷயம், எது முதலில் தோற்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்ய முடிவதுதான். கான்கிரீட் அமுக்கத்தில் 0.35% திரிபை ஒட்டி நொறுங்கும் என்று வடிவமைப்பில் எடுத்துக்கொள்கிறோம். 500 மெகாபாஸ்கல் யீல்ட் உள்ள கம்பி 0.25% திரிபில் இளகத் தொடங்கும். உத்தரத்தில் கம்பியை அளவோடு வைத்தால் கம்பி முதலில் இளகும். உத்தரம் தொய்யும், அடியில் விரிசல்கள் அகலும், மேலே கான்கிரீட் நொறுங்குமுன் கீழே இருப்பவர்கள் வெளியேற நேரம் கிடைக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று கம்பியை அளவுக்குமேல் திணித்தால் கம்பி இளகாது. கான்கிரீட் முந்திக்கொண்டு திடீரென்று நொறுங்கும். கணக்கில் உத்தரம் கூடுதலாகத் தாங்குவதாகவே தெரியும். ஆனால் அது எச்சரிக்காத உத்தரம். வடிவமைப்பு விதிகள் கம்பிக்கு மேலெல்லை வைத்திருப்பதன் காரணம் இதுவே. அந்த விதியை எழுதியவர்கள்மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு.

கார்பன் இழை

எண்களை மட்டும் வைத்துப் போட்டி நடத்தினால் கார்பன் இழைக் கலப்புதான் வெற்றியாளர். எஃகில் ஐந்தில் ஒரு பங்கு எடை, நான்கு மடங்கு வலிமை. களைப்பையும் நன்றாகத் தாங்கும். ஆனால் இந்த எண்கள் இழையின் திசையில் மட்டும் உண்மை. குறுக்குத் திசையில் இழுத்தால் இழைகளை ஒட்டவைத்த பிசின்தான் தாங்க வேண்டும். அங்கே வலிமை 50 மெகாபாஸ்கலை ஒட்டியே இருக்கும், விறைப்பு 10 ஜிகாபாஸ்கல்தான். எல்லாத் திசையிலும் தாங்க வேண்டுமென்று அடுக்குகளைப் பல கோணங்களில் வைத்தால் 135 என்ற யங் குணகம் 50-ஐ ஒட்டி இறங்கிவிடும். அலுமினியத்துக்கும் கீழே! விசை எந்தத் திசையில் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் இதைப்போல ஒரு பொருள் இல்லை. தெரியாவிட்டால் இதன் மேன்மையில் பெரும்பகுதி போய்விடும்.

அதன் தகைவு–திரிபு வரைபடம் ஒரு நேர்கோடு, அதன் உச்சியில் முறிவு. நடுவே எதுவும் இல்லை. ஒரு துளையைச் சுற்றித் தகைவு பல மடங்காகக் குவியும் என்பது எல்லாப் பொருளுக்கும் பொது. மைல்டு ஸ்டீலில் அந்த இடம் கொஞ்சம் இளகி, சுமையை அக்கம்பக்கத்துக்குப் பகிர்ந்துவிடும். வடிவமைப்பாளர் செய்த சிறு தவறுகளை எஃகு இப்படிச் சத்தமில்லாமல் பொறுத்துக்கொள்கிறது. கார்பன் இழைக்கு அந்தப் பொறுமை மிகக் குறைவு. அங்கே எல்லாவற்றையும் நாமே முன்கூட்டிக் கணக்கிட்டாக வேண்டும்.

மிதிவண்டிச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். எஃகுச் சட்டம் மோதினால் நசுங்கும், நசுங்கியது கண்ணுக்குத் தெரியும், பல நேரம் வளைத்துச் சரிசெய்யவும் முடியும். அலுமினியச் சட்டம் நசுங்கலைக் காட்டும். ஆனால் அதன் ஆயுளுக்குச் சுழற்சிக் கணக்கு உண்டு. கார்பன் சட்டத்தில் ஒரு பக்க அடி விழுந்தால் வெளியே பூச்சில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க மீயொலி போன்ற சோதனை வேண்டும். சீராகப் பராமரித்துச் சோதிக்கிற இடம், எடை ஒவ்வொரு கிராமும் முக்கியமான இடம் என்றால் நான் கார்பனைத் தயங்காமல் எடுப்பேன். யாரும் திரும்பிப் பார்க்காமல் இருபது ஆண்டு கிடக்கப்போகிற இடத்துக்கு மைல்டு ஸ்டீலைத்தான் எடுப்பேன். துருப்பிடிக்காமல் பூச்சு மட்டும் வேண்டும்.

ரப்பர், கடைசியாக

பள்ளிப் பாடத்தில் ஒரு கேள்வி வரும்: எஃகா, ரப்பரா, எதற்கு மீட்சித்தன்மை அதிகம்? எஃகு என்று எழுதினால் மதிப்பெண். ஒரே திரிபுக்கு எஃகில் தகைவு அதிகம் என்பது காரணம். விடை அந்த வரையறைக்குள் சரிதான். ஆனால் அது சொல்வது விறைப்பை. மீளக்கூடிய திரிபு எவ்வளவு என்று கேட்டால் மைல்டு ஸ்டீல் 0.125 சதவீதத்தில் நின்றுவிடும். ரப்பர் பல நூறு சதவீதம் நீண்டு திரும்பி வரும். ஒரு கிலோவில் எவ்வளவு ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும் என்று கேட்டால் மைல்டு ஸ்டீலுக்கு 20 ஜூல் அளவுதான்; நல்ல சுருள்வில் எஃகுக்கு அது நூற்றுக்கணக்கில் போகும்; ரப்பருக்கு ஆயிரக்கணக்கில். மாணவர்கள் அந்த ஒற்றை விடையோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தமான விஷயம்.

இரண்டும் மீளும் விதமே வேறு. எஃகை இழுக்கும்போது அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு நீள்கிறது. ரப்பரில் சிக்கலாகச் சுருண்டு கிடக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நேராகின்றன. விட்டால் மறுபடி குழம்பிய நிலைக்குத் திரும்புகின்றன. அதனால்தான் சுமை தொங்கும் ரப்பர் பட்டையைச் சூடாக்கினால் நீளாமல் சுருங்கும். உலோகக் கம்பியோ நீளும். சங்கிலிகள் நேராகி முடிந்ததும் பிணைப்புகளே இழுபடத் தொடங்கும். அதனால் ரப்பரின் வரைபடம் முதலில் இளகி, கடைசியில் செங்குத்தாக எழும். அதற்கு ஒற்றை யங் குணகம் சொல்வதே சரியில்லை. எந்தத் திரிபில் என்று கேட்க வேண்டும்.

இன்னொரு வேறுபாடு, ஏறிய பாதையில் ரப்பர் இறங்காது. இழுத்தபோது கொடுத்த ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிவிடும். வாகனம் நெடுந்தூரம் ஓடியபின் டயர் சூடாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். அதிர்வைத் தணிக்க எந்திரங்களுக்கு அடியில் ரப்பர் திண்டுகளை வைப்பதும் இதனால்தான். எஃகுச் சுருள்வில் வாங்கியதைக் கிட்டத்தட்ட முழுதாகத் திருப்பித் தந்துவிடும், எந்திரம் ஆடிக்கொண்டே இருக்கும்.

ரப்பரின் நடத்தையில் நேரமும் வெப்பநிலையும் எஃகைவிட மிக ஆழமாகக் கலந்திருக்கின்றன. குளிர்ந்தால் சங்கிலிகளின் அசைவு மந்தமாகும். மீளும், ஆனால் தாமதமாக மீளும். 1986 ஜனவரி 28 காலை கடும் குளிர். சேலஞ்சர் விண்ணோடத்தின் ராக்கெட் பகுதிகளுக்கு இடையே வாயு கசியாமல் அடைத்திருக்க வேண்டிய ரப்பர் வளையம், இணைப்பு அசைந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து விரியவில்லை. ஏழு பேர் இறந்தார்கள். விசாரணையின்போது இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபெய்ன்மன் அந்த ரப்பரில் ஒரு துண்டைச் சிறிய கிளாம்பில் இறுக்கி, மேசையில் இருந்த பனிக்கட்டித் தண்ணீரில் போட்டார். சற்று நேரம் கழித்து வெளியே எடுத்துக் கிளாம்பைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை, நசுங்கியபடியே சில நொடிகள் இருந்தது.